இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே கடிதம்

யாரும் கேட்காமலே கெட்டிக்காரத்தனம் காட்டுகிற ஆள் நான். மலேசியாவில் லாபு பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டமே அதற்குச் சாட்சி.

அங்கே கிராணியாகச் சேர்ந்து (ஆபீஸ் குமாஸ்தாதான், பெயர் மட்டும் பழசு) ஏழு மாதம். தோட்டத்து ஆட்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்டதில்லை. ஒரு மதியம் தாங்க முடியாமல் கணினியில் வேர்டைத் திறந்து ஒரு கடிதம் அடித்தேன். "இங்கே பேச ஆளில்லை. ஒரு தடவை ரசம் வைத்தால் நாலு நாள் குடிக்கிறேன்" என்று தொடங்கி ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. யாருக்கு அனுப்புவது என்று தெரியாததால், முதல் வரியைக் காலியாக விட்டேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். நாளைக்குத் தண்ணீர் வராதாம். இருபத்திரண்டு வீட்டுக்கும் பெயர் போட்டு அறிவிப்பு அனுப்பச் சொன்னார். இருபத்திரண்டு பெயரைக் கையால் அடிப்பதா, அதுவும் நானா? இன்னொரு வேர்டைத் தனியாகத் திறந்து அறிவிப்பை அடித்தேன். பெயர்களை ஒவ்வொன்றாக மேலே போட்டு அச்சடிக்க ஒரு நிரலும் எழுதினேன். எந்த வேர்டு என்று அதற்குச் சொல்லவில்லை. திறந்திருப்பதைப் பிடி என்று மட்டும் சொன்னேன். அது முதலில் திறந்ததைப் பிடித்தது.

தாள்கள் கவிழ்ந்தே வந்து விழுந்தன. நான் சீட்டியடித்தபடி மடித்து ஸ்டேப்ளர் அடித்தேன். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஆரோக்கியம் மோட்டார் சைக்கிளில் போய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை, ஆபீஸ் வாசலில் காலி வாளிகளோடு கூட்டம். நாலாவது வீட்டு மேரி அக்கா மட்டும் உள்ளே வந்து தாளை நீட்டினார். 'மதிப்புக்குரிய மேரி அவர்களுக்கு, இங்கே பேச ஆளில்லை' என்றிருந்தது. மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்று யோசித்தேன்.

"தண்ணி வராதுன்னு சொல்லியிருக்கலாம் தம்பி. பரவால்ல லா. எனக்குன்னு எழுதியிருக்கீங்க, நான் யார்கிட்டயும் காட்டல. ஞாயித்துக்கெழம சாப்பிட வந்துடுங்க" என்றார் தணிந்த குரலில்.

அவர் போனதும் அடுத்தவர் வந்தார். அவரும் யாரிடமும் காட்டவில்லையாம். அந்த ஞாயிறு ஐந்து வீடுகளில் மதியச் சோறு சாப்பிட்டேன். ஐந்திலும் காலையிலிருந்து பட்டினி போல நடித்தேன்.

இப்போது செனாவாங்கில் குடும்பத்தோடு இருக்கிறேன். குழாயில் தண்ணீர் நின்றால் போதும், "யாருக்கு லெட்டர் போட்டீங்க?" என்பாள் மனைவி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தக் கடிதத்தில் மீதி என்ன எழுதியிருந்தேன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.