வாத்து குறித்த நிலைப்பாடு

மூன்றாவது விண்ணப்பத்திலும் வாத்து வந்தபோதுதான் திட்ட அலுவலர் முந்தைய இரண்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்.

முதலாவது, தையல் பயிற்சி நிலையம் ஒன்றுடையது. தையல் இயந்திரங்கள், இஸ்திரிப் பெட்டி, நான்கு வாத்து. ஏதோ கைப்பிசகு என்று விட்டுவிட்டார். இரண்டாவது, பல் மருத்துவ முகாம். பல் பிடுங்கக் காத்திருப்பவர்களின் பயம் தெளிய வாத்துகளாம். மூன்றாவது, முதியோர் கணினி வகுப்பு. அதில் வாத்து எதற்கென்று காரணமே இல்லை. ‘தாங்கள் அறிந்ததே’ என்று மட்டும் இருந்தது.

அவர் அறிந்தது இவ்வளவுதான். போன மாதம் ஒரு சுகாதார நிலையத்தைப் பார்வையிடப் போனார். பின்பக்கம் ஒரு வாத்து ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தது. சும்மா கிடந்த வாய், “அட, வாத்து! இடத்துக்கே ஒரு களை வந்துடுதே!” என்றது.

பெரிய அறக்கட்டளையில் வேலை பார்ப்பதில் இதுதான் சங்கடம். அவர் தும்மினாலும் கொள்கை முடிவென்று நாலு பேர் குறித்துக்கொள்வார்கள். சேர்ந்த நாளிலிருந்து அவர் சொன்ன எந்த ஜோக்கும் தோற்றதில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிறவர்களும் உண்டு. தனக்கு நகைச்சுவை கைவந்த கலை என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டுகூட இருந்தார். மனைவிதான் தெளிவித்தாள்.

“இதே ஜோக்கைக் கல்யாணமான புதுசுல சொன்னீங்க. அப்பவே எனக்குச் சிரிப்பு வரலைங்க. அப்ப உங்க மேல ஆசை வேற இருந்துச்சு.”

அந்தப் பயணத்தில் கடைசியாகப் பார்த்தது ஒரு இலவசப் பள்ளிக்கூடம். அதன் வாசலில் வண்டியில் ஏறும்போது ஓட்டுநரிடம் அலுத்துக்கொண்டார். “எங்க போனாலும் ஆமாம் சாமிதான்ப்பா. ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை திட்டினா எவ்வளவு நல்லா இருக்கும்!”

“ஆமா சார்,” என்றார் ஓட்டுநர்.

இப்போது வாத்தை ஒழித்தாக வேண்டும். தையல் நிலையத்துக்குப் போன் போட்டார்.

“அம்மா, வாத்தெல்லாம் வேண்டாம்மா. நான் சும்மா சொன்னேன்.”

“புரியுது சார். எங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது.”

மறுநாள் திருத்திய விண்ணப்பம் வந்தது. வாத்து எட்டாகியிருந்தது.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: ‘வாத்து குறித்து அறக்கட்டளைக்கு எந்த நிலைப்பாடும் இல்லை.’ படித்தவர்கள், ‘இன்னும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவரை வாத்து விவகாரம் தெரியாதவர்களும் தெரிந்துகொண்டார்கள். விண்ணப்பங்கள் குவிந்தன.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

“என்னய்யா இது? இவ்வளவு பெரிய அறக்கட்டளைக்கு வாத்து பத்தி ஒரு நிலைப்பாடு இல்லைன்னு ஊருக்கே தண்டோரா போட்டிருக்க?”

“சார், அது வந்து...”

“மக்கள் கேக்கறாங்கய்யா! நாமதான் காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு இருந்திருக்கோம். ஒரு குழு போடு. நீயே தலைவர்.”

“வாத்துக்கெல்லாம் நிதி எங்க சார் இருக்கு?”

“கட்டடப் பராமரிப்புலேருந்து எடுத்துக்க.”

அலுவலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டடப் பராமரிப்பில் மிச்சமிருந்தது ஒரே விண்ணப்பம், அந்த இலவசப் பள்ளிக்கூடத்தினுடையது. ‘கூரை ஒழுகுகிறது. மாற்ற வேண்டும்.’ வேறு ஒரு வார்த்தை கிடையாது, வாத்தும் கிடையாது. அவர் மனதாரப் பரிந்துரைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். மழையோ தொடங்கிவிட்டிருந்தது.

உடனே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். போன தடவை “சரிங்க சார்” என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத தலைமையாசிரியை, இன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், ஓரமா ஒரே ஒரு வாத்து மட்டும் சேர்த்துடுங்களேன். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

தலைமையாசிரியை எழுந்தார். இடுப்பில் கை வைத்தார்.

“உங்களுக்கு மூளை இருக்கா சார்? பிள்ளைங்க வகுப்புக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு வாய்ப்பாடு சொல்லுதுங்க. இங்க நிக்கற தண்ணிக்கு வாத்து தானா வந்து சேரும். நீங்க கூரையைப் போடுங்க!”

அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்.”

சொன்னார். இம்முறை ‘வெக்கமா இல்லை?’ என்பதும் சேர்ந்திருந்தது.

அந்தத் திட்டு உள்ளே போய் முதுகெலும்பாக நின்றுகொண்டது. நேரே இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

“சார், வாத்து மக்கள் கேட்டதில்லை. என் வாய்க்கொழுப்பு. அவங்க கேட்டது கூரை. வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க.”

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மெல்லிய குரலில் சொன்னார்.

“அப்பாடா! எனக்கு வாத்துன்னாலே நடுக்கம்யா. சின்ன வயசுல ஒண்ணு துரத்தியிருக்கு. மக்கள் ஆசைப்படறாங்களே, நாம குறுக்க நிக்கக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். குடு, கூரைக்குக் கையெழுத்துப் போடறேன்.”

சேதியைச் சொல்ல அலுவலர் தானே பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியை வகுப்பில் இருந்தார். வாசலில், மணியடிக்கிற பெரியவர் மட்டும் நின்றிருந்தார். ஓடி வந்து வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

“கூரை வந்துடுச்சு பெரியவரே! எல்லாம் உங்க டீச்சராலதான். இத்தனை வருஷத்துல மனசுல பட்டதைப் பட்டுனு என் மூஞ்சிக்கு நேரா சொன்னது அவங்க ஒருத்தர்தான்.”

பெரியவர் கையைப் பிசைந்தார்.

“அய்யோ சார், டீச்சர் எறும்பைக்கூட அதட்ட மாட்டாங்க. போன தடவை நான் இந்தக் கதவைச் சாத்தும்போது, யாராவது திட்டினா நல்லா இருக்கும்னு சொன்னீங்கல்ல, அதை அவங்க காதுல போட்டேன். அன்னிலேருந்து உங்க இடத்துல என்னை நிக்க வெச்சு தினமும் ஒத்திகை. அதான் கூரை வந்துடுச்சே, இனிமே நிறுத்திக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார். பாவம், அவங்களுக்குத் தொண்டை கட்டிப்போச்சு.”