தொட்டியில் குறைந்த தண்ணீர்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனார் எழுதுவது. நானும் உன் மாமியாரும் சௌக்கியம். உன் அம்மாவின் கால் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? உன் புருஷனும் சௌக்கியம்தான், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். கத்திரிச் செடிகளின் சௌக்கியத்தைக் கீழே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

வீட்டுக்குப் பின்னால் வயலோரம் நீ வைத்துவிட்டுப் போன அகலத் தொட்டியைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன் அம்மா. வெயிலுக்கும் காற்றுக்கும் அதில் எவ்வளவு தண்ணீர் குறைகிறதோ, அதில் முக்கால் பங்கு செடிக்கு வேண்டும் என்று நீ சொன்னது நன்றாகவே புரிந்தது. ஊருக்கே அளவெடுத்துத் தைத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று காலையில் ஸ்கேலை விட்டுப் பார்த்தால், ஒரு நாளில் இவ்வளவுதான் குறையும் என்று நீ சொன்ன அளவைப் போல மூன்று மடங்கு குறைந்திருக்கிறது. வெயில் கொளுத்துகிறது, செடி தவிக்குமே என்று அதற்கேற்பப் பாய்ச்சும்படி உன் புருஷனிடம் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன், தையலுக்கு விடாமல் துணியை வெட்டுவோமா? ஒரு வாரம் போறதுக்குள்ள வயல்ல கால் வச்சா செருப்பு சேத்துலேயே நின்னுபோச்சு. இலையெல்லாம் மஞ்சள். உன் புருஷன் மோட்டாரை நிறுத்திட்டு வந்து, "அப்பா, இது கத்திரியா, தாமரையா?"ன்னான். அவனைச் சொல்லிக் குத்தமில்லை. அளந்துதான் பாய்ச்சணும்னு நீ அவ்வளவு மல்லுக்கட்டி அவனை ஒத்துக்க வச்சே, நான் அதைத் தண்ணியிலேயே முக்கிட்டேன். அன்னியிலேருந்துதான் அவன் என்கிட்ட பேசறதில்லை.

அப்புறம்தான் உறைச்சுது, வெயில் இவ்வளவு குடிக்காது, வேற யாரோ குடிக்கிறாங்கன்னு. தொட்டிக்குப் பக்கத்துல படுத்திருக்கறது யாரு? நம்ம நாய். வாய் வேற ஈரம். அதை முன்வாசல்ல கட்டிப்போட்டுட்டு, தொட்டியைக் கம்பி வலையால மூடினேன். மறுநாள்லேருந்து நீ சொன்ன அளவுதான் குறையுது. மண்ணும் காய்ஞ்சு, செடியில புதுத் துளிர் விட்டிருக்கு. பாதிக்கு மேல பிழைச்சிடும். வந்ததும் என்னைத் திட்டு, வாங்கிக்கறேன். அளக்கறதை மட்டும் விட்டுடாதே.

நீயும் உன் அம்மாவும் நோய்நொடியில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் மாமனார்

பின்குறிப்பு: மேலே நாயைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். உன் மாமியார் கட்டிப்போட்டதிலேருந்து அதைத் தடவிக் கொடுத்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாப்பாடு போடறாளேன்னு இப்பத்தான் கேட்டேன். தினமும் விடியறப்ப உன் ரோஜாச் செடிகளுக்கு ஊத்தத் தொட்டியிலேருந்து ரெண்டு குடம் மொண்டது அவதானாம். குழாயடி வரைக்கும் போக முழங்கால் விடலையாம். "மருமக நட்டுட்டுப் போன ரோஜாவையெல்லாம் வாட விட்டுட்டு, எந்த முகத்தோட அவளைப் பார்க்கிறது?"ங்கறா. வலை போட்டதிலேருந்து நொண்டிக்கிட்டே குழாயடிக்குப் போயிருக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. இனிமே குடத்தை நான் தூக்கறதா ஏற்பாடு. எவ்வளவு ஊத்தணும்கிறதை மட்டும் அவதான் சொல்வாளாம்.