ஓரங்கட்டியின் ஜீப்பில் பத்தாவது சீட்டு

மேல்மலையில் நடக்கிற எந்தச் சங்கதியையும் ஓரங்கட்டிக்கு முன்னால் தெரிந்துகொண்டவர் கிடையாது. அவருக்கு அப்புறம் ஊர் போய்ச் சேர்ந்தவரும் கிடையாது.

கொடைக்கானலுக்கும் பூண்டிக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். வழியில் கவிழ்ந்த கேரட் மூட்டை, புதிதாக நட்ட மைல்கல், மேயாமல் சும்மா நிற்கிற காட்டுமாடு, எது கண்ணில் பட்டாலும் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, விசாரித்துவிட்டுத்தான் ஏறுவார். அதனால்தான் அந்தப் பேர். ரேஷன் கார்டில் வேறு பேர் இருக்கும். நான் கேட்டதில்லை.

ஒருதரம் எங்கள் சொந்தத்துப் பையனுக்குப் பெண் பார்க்க அவர் ஜீப்பில் கிளம்பினோம். ரோட்டோரம் ஒருவர் முக்காலி வைத்து நிலம் அளந்துகொண்டிருந்தார். ஓரங்கட்டி இறங்கிப்போய்க் குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையையும் கூப்பிட்டுப் பார்க்க வைத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஜ்ஜி ஆறிப்போய், பெண் பட்டுப்புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கோலத்தில் பார்த்ததால்தான் பிடித்துப்போனது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டான். ஓரங்கட்டி இன்றைக்கும் அந்தப் பெருமையை விடவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். நான் சொல்ல வந்தது போன் சமாசாரம்.

மூட்டுவலிக்கு மலைக்குளிர் ஆகாது என்று மகள் என்னை ஆயக்குடிக்குக் கூட்டிப்போய்விட்டாள். கொய்யாத் தோப்பை ஒட்டி வீடு. மாதம் ஒருதரம் பூண்டுக் காட்டைப் பார்க்க மேலே ஏறுவேன். அப்படிப் போன ஒருநாள், ஜீப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த டீச்சரம்மா போனைப் பார்த்துச் சிரித்தார். ஓரங்கட்டி கண்ணாடியில் கவனித்துவிட்டார். வண்டி ஓரங்கட்டியது.

டீச்சரம்மா பொறுமையாக விளக்கினார். போனில் இறக்கிக்கொள்கிற ஒரு 'ஆப்' இது. ஊரே பார்க்கிற சங்கதி இல்லையாம், நெருங்கின கூட்டாளிகளுக்கு மட்டும். பத்துப் பேருக்கு மேல் சேர்க்க முடியாது. கம்ப்யூட்டரில் வராது, போனில் மட்டும்தான். ஒருவர் போடுகிற படமும் பேச்சும் அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போகாது.

"பத்துன்னா டிரைவரைச் சேத்தா, சேக்காமயா?" என்று கேட்டார் ஓரங்கட்டி.

டீச்சரம்மா கொஞ்சம் யோசித்து, சேர்க்காமல்தான் என்றார்.

"அப்ப இது நம்ம ஜீப்புதானுங்க."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அன்றைக்கே தன் போனிலும் அதை இறக்கி, ஆள் சேர்த்தார். நிஜ ஜீப்பில் பத்துப் பேருக்குத்தான் இடம், ஆனால் பதினாறு பேர் போவோம். தொங்குகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். போனில் பதினோராவது ஆளை ஏற்றப் பார்த்தார். முடியாது என்றது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் முடியாது என்றது. போலீஸ்காரர்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை என்று வருத்தப்பட்டார்.

அதற்காக வெளியே நிற்கிறவர்களை விட்டுவிட்டுப் போக முடியுமா? ஊர் வந்தவர் இறங்குவார், அடுத்தவர் ஏறுவார். போனிலும் அதே நடைமுறையைக் கொண்டுவந்தார். பூம்பாறைக்காரர் ஒருவர் பேத்தி பிறந்த படத்தைப் போட்டார். எல்லோரும் வாழ்த்தினார்கள். மறுநாள் அவரை இறக்கிவிட்டார். அவர் சண்டைக்கு வந்தார்.

"பேத்தி பொறந்தாச்சு, எல்லாரும் பாத்தாச்சு. உங்க ஊரு வந்துருச்சுங்க. அங்க ஒருத்தரு காதுகுத்தை வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

ஜனங்கள் சுதாரித்துக்கொண்டார்கள். சேதியை முழுசாகச் சொன்னால் இறக்கிவிடுவார் என்று தவணையில் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் மாடு சினையாக இருப்பதை மாதக்கணக்கில் இழுத்தார். கன்று போட்ட பிறகும் அதை மறைத்து வைத்திருந்தார்.

ஆனால் பத்தாவது சீட்டு மட்டும் மாறவே இல்லை. அதில் முகம் கிடையாது. ஒரு சிவப்புத் துண்டின் படம் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அந்த மாதிரி. அந்தத் துண்டு பேசாது, படம் போடாது, இறங்காது.

இது அந்தோணியைத்தான் சுட்டது. பூண்டிக்கு முந்தின வளைவில் டீக்கடை வைத்திருக்கிறவர் அந்தோணி. அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அவர் கடைதான். இளவட்டத்தில் ஓரங்கட்டியும் அவரும் ஒரே காய்கறி லாரியில் கிளீனர்கள். பேரன் சர்ச்சில் முதல்தடவையாகப் புதுநன்மை வாங்கியபோது அவருக்கு ஒரு சீட்டுத் தருவதாக ஓரங்கட்டி சொன்னார். அவர் ஏறவில்லை.

"ஏறி எறங்குறதுக்கு நான் என்ன பாசஞ்சராலே? துண்டு மட்டும் எறங்க மாட்டேங்குது. அது யாரு?"

"ஆளு வரும்."

அதோடு அந்தோணி பேச்சை நிறுத்திவிட்டார். டீயை நிறுத்தவில்லை, சர்க்கரையை நிறுத்தினார். ஓரங்கட்டி அதையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

துண்டு யார் என்று மேல்மலை முழுக்க ஒரே பேச்சு. பொம்பளை விவகாரம் என்றுகூடச் சிலர் கிளப்பிவிட்டார்கள். ஓரங்கட்டி சம்சாரம் பாப்பாத்தி போனும் கையுமாக டீக்கடைக்கே வந்து, அது எவ என்று எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனது. அந்தோணி என் பட்டன் போனில் கூப்பிட்டு, கிட்டத்தட்ட அழுதார்.

"ஒரே தட்டுல தின்ன பயண்ணே. ஒரு துண்டுக்கு இருக்குற மதிப்பு எனக்கில்லையா? இனி அவன் ஜீப்பு நின்னா கடையைச் சாத்திருவேன்."

கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

அப்புறம் மகள் புதுப்போன் வாங்கினாள். பழையதை எனக்குத் தந்தாள். அடுத்த தடவை மேலே போகும்போது, ஜீப்பில் மணி பார்க்க அதை வெளியே எடுத்தேன். கண்ணாடியில் ஓரங்கட்டி பார்த்தார். நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. காட்டுமாட்டுக் கூட்டத்தைக் கடந்தார், சாய்ந்து கிடந்த மரத்தைக் கடந்தார். பின்னால் இருந்த ஒருவர் பயந்துபோய், பிரேக் பிடிக்கவில்லையா என்று கேட்டே விட்டார்.

நேரே அந்தோணி கடையில் வந்து நின்றார். சாத்த நேரம் கொடுக்கவில்லை. என் போனை வாங்கி என்னென்னவோ அமுக்கினார். என்னைப் படம் பிடித்தார். பாதி முகம், பாதி அவருடைய கட்டைவிரல். துண்டு போய் அந்த இடத்தில் நான் வந்தேன்.

"வீட்டுக்காரி போன்ல அதுக்குத் தெரியாமத் துண்டைப் போட்டு வச்சேண்ணே. இல்லைன்னா எவனாச்சும் வந்து உக்காந்துருவான்."

முன்னமே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் மகளிடம் போய்ப் போன் கேட்டு நிற்பீர்கள், அது எதற்கு என்றார்.

அடுப்புக்குப் பின்னால் இருந்து அந்தோணி கேட்டார். "அப்ப நான்?"

"ஒன்னையத்தான் வெள்ளனே எந்திரிச்சதும் பாக்குறேனேடா. கீழ போன மனுசனை நான் எங்கிட்டுப் போயிப் பாக்க?"

அந்தோணி இரண்டு டீ போட்டார். இரண்டிலும் சர்க்கரையை அள்ளிக் கொட்டினார். எனக்குச் சர்க்கரை வியாதி என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு என்னிடம் இருந்த சேதியெல்லாம் போட்டேன். கொய்யா பூத்தது, காய்த்தது, அணில் கடித்தது, மூட்டுவலி தேவலை. அத்தோடு என் சரக்குத் தீர்ந்தது. அவர் சட்டப்படி பார்த்தால் என் ஊர் எப்போதோ வந்துவிட்டது. விடிந்ததும் போனைத் திறந்து பார்க்கிறேன். இன்னும் என்னை இறக்கிவிடவில்லை.