'அப்பிடியோ' அண்ணாவும் வெஸ்ட்லி குற்ற அலையும்

ஒஸ்லோ நகரத்தைச் சல்லடை போட்டுத் தேடினாலும் 'அப்பிடியோ' அண்ணாவைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடைக்காது. "வெளியே மழை அண்ணா" என்றால் போதும், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டு, "மேல் மாடியிலை ஆரேன் பூவுக்குத் தண்ணி விடினமோ தெரியாது" என்பார்.

எங்கள் திருச்சிப் பக்கத்தில் ஒருவர் 'அப்படியா' என்றால் ஆர்வமாகக் கதை கேட்கிறார் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் 'அப்பிடியோ' என்று இழுத்தால், நாம் பொய் சொல்கிறோம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குப் பெயரானது. நார்வேக்கார சக ஊழியர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் நகராட்சியில் ஒரே வேலை. இளவட்டங்கள் தப்பான வழிக்குப் போகாமலிருக்க நகரம் பல திட்டங்களை நடத்தும். அவற்றால் குற்றம் நிஜமாகவே குறைகிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. இப்படி ஒரு வேலைக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்ததை வரம் என்று மேலிடம் நினைத்தது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது சாபம்.

ஒருநாள் மதியம் என் சாம்பாரைக் கொஞ்சம் கொடுத்தேன்.

"இது என்ன பிள்ளை?"

"சாம்பார் அண்ணா."

"அப்பிடியோ? இதுக்குள்ளை சீனி போட்டனீரோ?"

ஒரு துளி வெல்லம் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரரே இத்தனை வருஷமாகக் கண்டுபிடிக்காத விஷயம் அது.

பியோர்ண்டால் பகுதியில் சைக்கிள் திருட்டு அடியோடு குறைந்துவிட்டது என்று ஒரு குளிர்காலத்தில் தகவல் வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அண்ணா கேக்கைத் தொடாமல் பஸ் ஏறிப் போனார். முழங்கால்வரை பனியோடு திரும்பி வந்து, "அங்கை வெளியிலை ஒரு சைக்கிளும் இல்லை. எல்லாத்தையும் பனிக்குப் பயந்து வீட்டுக்குள்ளை ஏத்திப்போட்டினம். இல்லாத சைக்கிளை ஆர் களவெடுக்கிறது?" என்றார். மீதிக் கேக்கை யாரும் சாப்பிடவில்லை.

இதற்கெல்லாம் மகுடம் வைத்ததுதான் வெஸ்ட்லி விவகாரம். ஐந்தாம் எண் மெட்ரோ போய் முடிகிற இடம் அது. அங்கே பிள்ளைகளுக்கு மாலைநேரத் தச்சு வகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். தொடங்கிய கையோடு அந்தப் பகுதியிலிருந்து வரும் புகார்கள் மளமளவென்று ஏறின. யார், என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குக் காட்டமாட்டார்கள். கணினி பிரித்து எண்ணிய எண்ணிக்கை மட்டும்தான் வரும். "வகுப்பு கெட்ட கூட்டத்தைச் சேர்க்கிறது, மூடிவிடலாம்" என்றார் எங்கள் தலைவி.

"அப்பிடியோ?" என்றார் அண்ணா. அடுத்த மெட்ரோவில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழியெல்லாம் கண்ணில் பட்டவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டே வந்தார். வகுப்பு வாசலில், மகனுக்காக றோல்ஸ் என்ற பலகாரப் பொட்டலத்தோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றுகொண்டிருந்தார். றீற்றா என்று பெயர், முதியோர் இல்லத்தில் வேலையாம். அண்ணா குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இஞ்சை ஆரேன் அன்மெல்டெ பண்ணினவையோ?" அன்மெல்டெ என்றால் நார்வே மொழியில் புகார் கொடுப்பது.

"ஓம் அண்ணை, நான் பண்ணினனான்." முகமெல்லாம் பெருமை.

"ஆரை?"

"என்ரை மகன் அன்ரனைத்தான்."

"அப்பிடியோ? அவர் என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. பள்ளிக்கூடத்தை விட்டிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா கிடந்தவன். அதுதான் அன்மெல்டெ பண்ணினனான். பூசை முடிஞ்சு வந்த பொம்பிளையளுக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தனான். எல்லாரும் தங்கடை பிள்ளையளை அன்மெல்டெ பண்ணிட்டினம். பக்கத்து வீட்டுச் சோமாலிச் சனமும் பண்ணிட்டினம்!"

எனக்குத் தலை சுற்றியது. வகுப்பில் சேர்ப்பதற்குச் சொல் 'போமெல்டெ'. இரண்டுக்கும் நகராட்சியின் ஒரே இணையப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். முன்பாதி மாறியதில், வெஸ்ட்லித் தாய்மார் அத்தனை பேரும் பெற்ற பிள்ளைகள்மேல் புகார் கொடுத்திருந்தார்கள். கணினியும் மனசாட்சியோடு எண்ணி வைத்திருந்தது. வகுப்பில் யாரும் பெயர்ப் பட்டியல் பார்க்காததால் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அண்ணா விளக்கியதும் றீற்றாவின் முகம் செத்துவிட்டது. "அப்ப என்னாலையோ வகுப்பை மூடப்போகினம்? அண்ணை, அவன் இப்பதான் கதவைத் திறந்து வெளியிலை வாறவன். இதையும் மூடினால் திரும்பப் போய்ச் சாத்திப்போடுவான்."

றீற்றா நீட்டிய றோல்ஸை அண்ணா, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் சாப்பிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னார். தலைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் திட்டம் வெற்றிதானே?" என்று கேட்டார். 'ஆமாம்' என்ற ஒரு வார்த்தையில் வகுப்பு பிழைத்துவிடும். நான் மேஜைக்கு அடியில் அண்ணாவின் காலை மிதித்தேன்.

"அது தெரியாது" என்றார் மனிதர்! எழுந்து கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அவர் நிதானமாகத் தொடர்ந்தார்: "குற்றம் கூடவில்லை, அவ்வளவுதான் தெரியும். குறைந்ததா என்பது எனக்கு இன்னும் சந்தேகம். வகுப்பை மூடிவிட்டால் என் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது?"

அண்ணாவின் சந்தேகம் தீரும்வரை வகுப்பு நடக்கட்டும் என்று முடிவானது. அவர் சந்தேகம் எந்தக் காலத்தில் தீர்ந்திருக்கிறது! வகுப்பு இன்றும் நடக்கிறது.

அண்ணாதான் மகளோடு இருக்கப் பேர்கன் நகரத்துக்குப் போய்விட்டார். போன வாரம் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணா, அன்ரன் இப்போ அங்கேயே சின்னப் பசங்களுக்குத் தச்சு வேலை சொல்லிக்குடுக்கிறான்."

"அப்பிடியோ? ஆர் சொன்னது? கண்ணாலை பார்த்தனீரோ?"

"பார்த்தேண்ணா. உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் செஞ்சு குடுத்தான். ஆட்டிப் பார்த்தேன், ஆடல. உங்க மேஜைகிட்ட போட்டிருக்கேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன்: "நீங்க இல்லாம ஆபீஸ் நல்லாவே இல்லண்ணா."

வழக்கமான அந்த இழுப்புக்காகக் காத்திருந்தேன். அவரோ, "ஓம் பிள்ளை" என்றார்.

ஆதாரம் கேட்கவே இல்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.