அன்ரன் அங்கிளின் கார்க்கதவை நான் நேராக்கிய கதை

வீடியோ பார்த்து வேலை பழகியவனை நம்பிப் பெண்ணைக் கொடுக்கலாம், காரைக் கொடுக்கக் கூடாது. (முதல் பாதியை என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள்.) இதை நான் ஊருக்குப் புத்திமதியாகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் சாப்பாடு முடிவதற்குள் யாராவது இந்தக் கதையைத் தொடங்கி என் பக்கம் திரும்புவார்கள். சொல்லிச் சொல்லி மெருகேறி, இப்போது நான் அரை நிர்வாணமாகக் கொட்டாஞ்சேனைச் சந்தி வரை ஓடியதாகவும் சேர்ந்துவிட்டது. சத்தியமாக ஓடவில்லை. நின்ற இடத்தில்தான் நின்றேன். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

அப்பா தவறிப்போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில், வெள்ளவத்தை ஃப்ளாட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்தே அம்மா என்னை ஆளாக்கினார். எனக்கு வேலை கிடைத்து, பகல் முழுக்க அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக டிவி மட்டும் மிஞ்சிய காலத்தில், கண் ஆஸ்பத்திரி வரிசையில் அன்ரன் அங்கிளைச் சந்தித்தார். இருவருக்கும் ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து கட்டுப் போட்டிருந்த நேரம். ஆளுக்கொரு கண்ணால் பார்த்தே பிடித்துப்போய்விட்டது. அங்கிள் கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், அதுவரை கல்யாணமே கட்டாதவர். பதிவுத் திருமணம் செய்யலாமா என்று அம்மா என்னிடம் கேட்டபோது ஒரு சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓம் என்றேன்.

ஓம் சொல்லாதவர் பெரியம்மா. அம்மாவின் அக்கா. எங்களுக்கு மேல் மாடியில் இருப்பவர், எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலும் கீழே வந்து காரணம் கேட்பவர். வேறு சமயம், இந்த வயதில் தேவையா, ஊர் என்ன கதைக்கும் என்று எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அங்கிளின் பேச்சில் பிழை பிடித்தார்.

"ஒரு 'பொறுங்கோ' எண்டு அந்த மனிசனுக்கு வாயில வருதில்லை. எப்ப பார் இருங்க, இருங்க எண்டுகொண்டு. ஏன், நாங்கள் என்ன நிண்டுகொண்டே நிக்கிறம்?"

(யாழ்ப்பாணத்தாரான எங்களுக்கு 'இருங்கோ' என்றால் உட்காருங்கள். கொட்டாஞ்சேனைக்காரருக்கு 'இருங்க' என்றால் கொஞ்சம் பொறுங்கள். பெரியம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரியாதது மாதிரி இருப்பதில் அவருக்கு ஒரு சுகம்.)

இனிக் காருக்கு வருகிறேன். அது அங்கிளுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்த, நம்பர் தகட்டில் 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட அந்தக் காலத்துக் கார். உருண்டையான சின்ன இங்கிலீஷ் கார், இரண்டே கதவு. பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டை மடித்துக் குனிந்து ஏற வேண்டும். கதவைத் தாங்கும் பிணைச்சல் தேய்ந்து இரண்டு கதவும் தொங்கிப்போயிருந்தன. அங்கிளின் பக்கம் தோளால் ஒரு இடி இடித்தால் திறக்கும். அம்மா இருக்கும் பக்கம் உள்ளிருந்து திறக்கவே திறக்காது. வெளியே நின்று, கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, முழங்காலால் தள்ளி, அப்படியே மேலே தூக்கி இழுக்க வேண்டும்.

அதனால் அம்மாவைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் ஒரே காட்சிதான். ஃப்ளாட்டுக்கு வரும் சின்ன ஒழுங்கைக்குள் கார் நிற்கும். அங்கிள், "இருங்க, நான் வாறேன்" என்பார். தோளால் இடித்து இறங்கி, காரைச் சுற்றி வந்து, தூக்கித் திறப்பார். அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி இருப்பார். பால்கனியில் நின்று பார்க்கும் எனக்கு மனம் பொறுக்காது. பாவம் அம்மா, பார்சல் மாதிரி யாராவது வந்து இறக்கும்வரை இருக்க வேண்டியிருக்கிறதே என்று. கல்யாணப் பரிசாக அந்தக் கதவுகளைச் சரிசெய்து கொடுப்பது என்று முடிவு செய்தேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். அதுவரை நான் கழற்றிய ஆணிகள் எல்லாம் கடிகாரம் மாட்டிய ஆணிகள்தான்.

கழுவி, பூ வைத்து, பொம்பிளைக் காராக்கி அம்மாவை அதிலேயே கல்யாணத்துக்குக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிக் காரை வாங்கினேன். சாவியைத் தரும்போது அங்கிள், "கதவு மட்டும் கவனம் தம்பி. தூக்கித் திறங்க" என்றார்.

"ஓம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இனித் தூக்க வேண்டிய தேவையே இருக்காதே.

ஃப்ளாட்டின் கார் தரிப்பிடத்தில் வேலை தொடங்கியது. வீடியோவில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் காரை உயர்த்தி வைத்துக்கொண்டு வேலை செய்தார். அவர் என்ன வேலை செய்தார் என்பதை நான் கவனிக்கவில்லை, உயர்த்தியதை மட்டும் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் காரின் நடுவயிற்றில் பாரந்தூக்கும் ஜக் வைத்து உயர்த்தினேன். பிணைச்சல் ஆணிகளை இளக்கி, பிஸ்கட் தகரத்தை வெட்டி உள்ளே சொருகி, கதவை மேலே ஏற்றி முறுக்கினேன். அம்மாவின் கல்யாண அழைப்பு மட்டையை இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தேன். மேலும் கீழும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கதவைச் சாத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே திறந்து திறந்து சாத்தினேன். ஜக்கை இறக்கிய பிறகு கொஞ்சம் இறுக்கமாக இருந்ததுதான். புதுக்கதவு என்றால் இறுக்கமாகத்தானே இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். (அந்தக் கதவுக்கு அம்மாவை விட வயது கூட.) காருக்குள் ஆட்களை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற யோசனை மட்டும் எனக்கு வரவேயில்லை.

கல்யாணத்தன்று காலையில் பெரியம்மா பட்டுச்சேலையோடு இறங்கி வந்தார்.

"என்ர தங்கச்சி தனியப் போகக்கூடாது எண்டதுக்காக வாறன். சந்தோசத்தில வரேல்லை" என்றார்.

கொட்டாஞ்சேனையில் அங்கிளின் தங்கச்சி வீட்டுக்குப் பதிவாளர் வருவதாக ஏற்பாடு. இராகுகாலத்துக்கு முன் கையெழுத்து வைத்துவிட வேண்டும் என்று நேரம் குறித்தவரும் பெரியம்மாதான். (கல்யாணத்தை எதிர்ப்பது வேறு, இராகுகாலம் வேறு.) பின் சீட்டில் அவரும், அவரோடு குத்துவிளக்கும் பலகாரப் பெட்டியும் ஒரு முழு வாழைக்குலையும் ஏறின. அம்மா முன்னால் ஏறினார். கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. அம்மாவின் கதவு சாத்த மறுத்தது. இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினேன். 'டக்'. என் கதவை உள்ளிருந்து இரண்டு கையாலும் இழுத்தேன். மறுபடியும் 'டக்'.

"அம்மா, சத்தத்தைக் கேட்டீங்களோ? கதவு ரெண்டும் நேராக்கிப்போட்டன். இனி அங்கிள் சுத்தி வரத் தேவையில்லை."

"அப்பிடியோ" என்றார் அம்மா. கதவைத் தடவிப் பார்த்தார். கை கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது. என் வேலையை வியக்கிறார் என்று நினைத்தேன்.

காலி வீதி, கோட்டை, புறக்கோட்டை எல்லாம் தாண்டி, எல்லாப் பள்ளத்திலும் ஒருமுறை விழுந்தெழும்பி, கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்கு எதிரே ஓட்டோ நிறுத்தும் இடம். வாசலில் அங்கிள் வெள்ளைச் சேர்ட்டோடு நின்றார். பக்கத்தில் அவர் தங்கச்சியும் பதிவாளரும்.

"அம்மா, இண்டைக்கு நீங்களே திறந்து இறங்குங்கோ" என்றேன். குரலில் அவ்வளவு பெருமை.

அம்மா கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. நான் எட்டி இழுத்தேன். அசையவில்லை. என் பக்கக் கதவைத் தோளால் இடித்தேன். அதற்குத் தோளும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை.

"என்ன, திறக்குதில்லையோ?" பின்னால் வாழைக்குலைக்குள் இருந்து பெரியம்மா.

"கொஞ்சம் இறுக்கம் பெரியம்மா."

"இறுக்கமில்லை, சகுனம். வாசல் வரைக்கும் வந்தும் கதவு விடுதில்லை எண்டால் என்ன அர்த்தம்? நான் வாயால சொன்னதை இப்ப தெய்வம் சொல்லுது. இனி நீயே யோசி."

அம்மா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தம்பி, வீட்டை திரும்பிப் போவமோ?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பயந்ததுபோல நான் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. தனக்கென்று ஒன்றும் கேட்டறியாத மனுஷி. முதன்முதலாகக் கேட்டது இந்த ஒரு மனிதரைத்தான். அதையும் நான் பிஸ்கட் தகரம் வைத்து முறுக்கி மூடிவிட்டேன்.

உடனே கண்ணாடியை இறக்கி, யன்னல் வழியாக வெளியே பாய்ந்தேன். பாய்ந்தேன் என்பது நினைத்தது. நடந்தது என்னவென்றால், தலை போனது, தோள் போனது, இடுப்பில் சிக்கி, காலை உதைத்து, தொப்பென்று தெருவில் விழுந்தேன். எழும்பி நின்றபோது காற்று வழக்கத்தைவிட அதிகமாக வீசியது. கண்ணாடி இறக்கும் கைப்பிடியில் மாட்டி வேட்டி காருக்குள்ளேயே தங்கிவிட்டது. பட்டுச் சால்வையோடும், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிக் காலத்துப் பச்சைக் கட்டைக் காற்சட்டையோடும் நான் தெருவில் நின்றேன். ஓட்டோக்காரர்கள் முதலில் மரியாதைக்கு அமைதியாக இருந்தார்கள். பிறகு ஒருவர் விசிலடித்தார். பதிவாளர் தன் பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார்.

அங்கிள் என்னைப் பார்க்கவேயில்லை. நேரே அம்மாவின் யன்னலுக்கு வந்து குனிந்தார். வந்து நிற்கிற மனிதர், பழக்கதோஷத்தில், "இருங்க, நான் வாறேன்" என்றார்.

உள்ளங்கையைக் கொடுத்து, முழங்காலால் தள்ளித் தூக்கினார். நான் கெடுத்துவைத்த கதவு அவருடைய கைக்கும் வசப்படவில்லை. மறுபடி தூக்கினார். கல்யாணச் சேர்ட்டின் கையெல்லாம் கறுப்புக் கிறீஸ். "இருங்க, இன்னொருக்கா" என்றார். மூச்சு வாங்கியது.

அம்மா சிரித்துவிட்டார்.

"என்ன சிரிப்பு? வீட்டை போவமோ எண்டு இப்பத்தானே கேட்டனீ?" என்றார் பெரியம்மா. (அவர் காதுக்குத் தப்பியது எதுவும் இல்லை.)

"அவர் இருங்க எண்டு சொல்லிப்போட்டார் அக்கா" என்றார் அம்மா. "நான் இருக்கிறன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜக் நடுவில் இருந்தபோது கதவு வெண்ணெய்போலத் திறந்தது. ஆட்கள் ஏறியதும் பழைய கார் நடுவில் தாழ்ந்து கதவை நெரித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் இறங்கினால் கதவு திறக்கும், கதவு திறந்தால்தான் அவர்கள் இறங்கலாம். இரண்டு கையாலும் சால்வையை இடுப்பில் பிடித்துக்கொண்டு ஓட்டோக்காரர்களிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன்: "அய்யே, மெதின் உஸ்ஸன்ன!" நடுவில் தூக்குங்கள் அண்ணே என்று. அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள், சிரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் காரின் வயிற்றில் கை கொடுத்தார்கள், பெரியம்மா, வாழைக்குலை எல்லாவற்றோடும் தூக்கினார்கள். கதவின் மேல் இடைவெளி மெல்ல விரிந்தது. அங்கிள் கையை வைத்தார். திறந்தது.

முதலில் கேட்டது பெரியம்மாவின் குரல்தான். "வலது காலை வையடி. இராகுகாலம் வரப்போகுது, கெதியா இறங்கு." சகுனம் எங்கே போனது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அம்மா இறங்கினார், கையெழுத்து வைத்தார். சாட்சிக் கையெழுத்து நானும் பெரியம்மாவும். கல்யாணப் படத்தில் என் வேட்டியில் ஒரு கிழிசல் தெரியும், அங்கிளின் கையில் கிறீஸ் தெரியும், அம்மாவின் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு வெளிச்சம் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிளிடம், "நல்ல கராஜில குடுத்துக் கதவை ஒழுங்காச் செய்விப்பம்" என்றேன். அங்கிள் அம்மாவைப் பார்த்தார்.

"கதவில என்ன பிழை இருந்தது, நீ நோண்டினனீ?" என்றார் அம்மா.

"ஒவ்வொருக்காவும் அவர் வருமட்டும் நீங்கள் காருக்குள்ள பாத்துக்கொண்டு இருக்க வேணுமே."

"முதல்நாள் இருங்க எண்டார். சரி, இருக்கச் சொல்லுறார் எண்டு இருந்தன். பிறகுதான் விளங்கிச்சு, எங்கட 'பொறுங்கோ'வைத்தான் அப்பிடிச் சொல்லுறார் எண்டு. ஆனா தம்பி, உன்ர அப்பா போனதுக்குப் பிறகு எனக்காக ஒருத்தரும் சுத்தி வரேல்லை. இவர் வாறதைக் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு இருக்க எனக்கு விருப்பம்."

அங்கிள் போய்ப் பிஸ்கட் தகரத்தை உருவி எடுத்தார். கதவு பழையபடி தொங்கியது. அந்தத் தகரத்தில் ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் என் முன்னால் அதை வேண்டுமென்றே கிலுக்குவார்.

போன மாதம் நான் ஒரு புதுக் கார் வாங்கினேன். கதவு விரல் பட்டால் திறக்கும். மூவரையும் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து ஃப்ளாட் வாசலில் நிறுத்தினேன். பின் சீட்டில் இருந்த அங்கிள், "இருங்க, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இப்போது அவருக்கு முழங்கால் நோவு. காரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வந்தார். அம்மா முன்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நானும் கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தேன். அங்கிள் வந்து சேர்ந்து, கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, தூக்கவே தேவையில்லாத அந்தக் கதவை ஒரு தூக்குத் தூக்கித் திறந்தார்.

பின்னால் பெரியம்மா அசையாமல் இருந்தார்.

"பெரியம்மா, இறங்கேல்லையோ?"

"நானும் இருக்கிறன்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "என்ர பக்கம் நீ வா. வேட்டி கவனம்."

நான் போட்டிருந்தது நீளக் காற்சட்டை. இருந்தாலும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கி, சுற்றிப் போனேன்.