முதலில் ஒன்றை நிறுவிக்கொள்வோம்

கோப்பைத் திறக்கிற மனிதர்கள் உண்டு. கோப்பைத் திறப்பதற்கு முன் எதையாவது நிறுவுகிற மனிதர்களும் உண்டு. நான் சொல்லப்போவது இரண்டாவது இனத்தைப் பற்றி. நிறுவுநர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நிறுவுநரை அடையாளம் காண்பது எளிது. ஒரு கடிதத்தை அச்செடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், பிறர் வாயைப் பார்க்கிற பல் டாக்டர் போல உங்கள் கணினியைப் பார்த்து உச்சுக்கொட்டுவார், "இதை வெச்சுக்கிட்டு எப்படி இத்தனை நாள் காலம் தள்ளினீங்க?" என்பார், மவுஸை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைப்பார், கருப்புத் திரை ஒன்றைத் திறந்து தட்டத் தொடங்குவார். கடிதமா? அது வரும். முதலில் ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும். அதை நிறுவ இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றின் பதிப்பு பழையதாக இருக்கும். சாயங்காலத்துக்குள் நீங்கள் கடிதத்தைக் கையாலேயே எழுதி முடித்திருப்பீர்கள்.

அவருடைய சொல்வளம் சிறியது. "ரெண்டே நிமிஷம்." "ஒரு தடவை போட்டுட்டா ஆயுசுக்கும் நிம்மதி." "நேத்து வரைக்கும் ஓடுச்சே!"

எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். என் அண்ணன்.

அப்பா போய் மூன்று வாரம் ஆகிறது. வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரே மூன்று முறை பிரித்துக் கட்டிய பழைய மோட்டார். வேறு யார் சுவிட்சைப் போட்டாலும் உறுமும், தண்ணீர் ஏற்றாது. பிளம்பர் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை புதியதை மாட்டி இதைக் கழற்றி எடுத்துப் போய்விடுகிறேன் என்றார். அம்மாவுக்கு அதைக் கொடுக்க மனமில்லை. போடுகிற விதத்தைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருப்பதாக அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவளிடம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை எங்கள் இருவரையும் கூப்பிட்டாள்.

"அதை மட்டும் எடுத்துக் குடுங்க. ஒரு பக்கம்தான் இருக்கும்."

அண்ணன் உட்கார்ந்தான். மவுஸ் ஓரத்துக்குப் போனது.

"அப்பா ஆயிரம் கோப்பைக் கண்டபடி கொட்டி வெச்சிருக்கார். இந்தக் கருப்புத் திரையில, டெர்மினல்ல, கோப்புகளை வரிசையாக் காட்டற ஒரு ஃபைல் மேனேஜர் போட்டுடறேன். மூணு பத்தியா வரும். நடுவுல பட்டியல். எந்தக் கோப்பு மேல நிக்கிறியோ, அதுல இருக்கிறது வலப்பக்கம் தானா தெரியும். திறக்கவே வேணாம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டே நிமிஷம்."

மதியம் இரண்டு மணிக்குக் கணினி தன்னை முழுசாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு, புதுப்பித்ததில் கெட்டுப்போன ஒன்றை அண்ணன் சரிசெய்துகொண்டிருந்தான். அம்மாவும் அண்ணியும் பக்கத்து வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார்கள். எனக்கும் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. தொழில் தெரிந்தவளாகையால் நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று குறை சொன்னேன்.

அண்ணி வாளியோடு வாசலில் நின்றாள். "மாமா மூணு தடவை பிரிச்சாரு, மூணு தடவையும் தண்ணி வந்துச்சு. இவரும் காலையிலேர்ந்து பிரிக்கிறாரு, வேர்வைதான் வருது."

"கொக்கு தலையில வெண்ணெய் வெச்சாச்சு அண்ணி. உருகணும்ல?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றான் அண்ணன்.

இருட்டுகிற நேரத்தில் நிறுவல் முடிந்தது. முடிந்ததா? படக்குறிகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அதற்கென்று ஓர் எழுத்துரு வேண்டியிருந்தது. பிறகு நிறம். கருப்பில் நீலம் அம்மாவின் கண்ணை உறுத்தும் என்றான்.

"எனக்கு எந்தக் கலரும் உறுத்தலைப்பா," என்றாள் அம்மா. "தோள்பட்டைதான் வலிக்குது."

ஞாயிறு காலை பட்டியல் அழகாக வந்து நின்றது. கடைசியிலிருந்து இரண்டாவது வரியில் 'மோட்டார் - உனக்கு' என்று ஒரு கோப்பு. அண்ணன் அம்புக்குறியை அழுத்தி இறங்கிக்கொண்டே வந்தான். அதற்கு முந்தைய வரியில் நின்றான். மேலே போனான். திரும்ப வந்தான். நின்றான். பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தான். எட்டிப் பார்த்தேன். வலப்பக்க முன்னோட்டத்தை நிறுத்தியிருந்தான். எந்த வசதிக்காக ஒரு நாள் முழுக்க வீட்டைத் தண்ணீர் சுமக்க வைத்தானோ, அந்த வசதியை.

"ஏன் நிறுத்தினே?"

"மெஷின் பழசுடி. ஸ்லோ ஆகும்."

"ஒரு பக்க எழுத்துக்கா?"

அப்பா தட்டித் தட்டி எழுத்தழிந்து போயிருந்த விசைப்பலகையை அண்ணன் சட்டைக் கையால் துடைத்தான்.

"எழுந்திரு," என்று நான் உட்கார்ந்தேன். அவன் சேர்த்த வரியை அழித்தேன். பட்டியலுக்கு வந்து, அதே முந்தைய வரிவரை இறங்கினேன். இன்னும் ஒரே ஒரு அழுத்தல். அப்போதுதான் பார்த்தேன்: தமிழ் எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தன.

"தமிழ் உடையுதே. வேற டெர்மினல் ஒண்ணு போட்டுக்கிட்டுப் பார்க்கலாமா?" என்றேன்.

"ஆமா, அதான் சரி," என்றான் அண்ணன் அவசரமாக. இரண்டு நாளில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு நாளாக வேடிக்கை பார்த்தவளுக்கு எந்தப் பொத்தான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அழுத்தினாள். வலப்பக்கம் அப்பா வந்தார். திரையில் மூக்கு படும்படி குனிந்து, உடைந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"மூடியைத் திற. ததும்புகிற வரை தண்ணீர் ஊற்று. அவசரப்படாதே, குமிழி அடங்கட்டும். மூடியை இறுக்கிவிட்டு சுவிட்சைப் போடு. உறுமும், பயப்படாதே. இருபது எண்ணுவதற்குள் ஏறிவிடும். பிள்ளைகளைக் கூப்பிடாதே. வந்தால் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்."

"மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா வாளியோடு கொல்லைப்புறம் போனாள்.

மோட்டார் உறுமியது. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தபடி மனசுக்குள் எண்ணினோம். பதினாறில் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் மூடவில்லை.

வாசகரே, நீங்கள் இந்த இனமில்லை என்று தெம்பாக இருக்கிறீர்கள். கருப்புத் திரை உங்களுக்குத் தெரியாது. மவுஸைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் பிழைக்கிறவர். நல்லது. போனவருடைய அலமாரியைத் திறக்கத்தானே அந்த அறைக்குள் போனீர்கள்? எதற்கும் தரையை ஒரு முறை பெருக்கிவிடலாம் என்று தோன்றியது. பெருக்கினீர்கள். பிறகு கீலுக்கு எண்ணெய் விட்டீர்கள். இப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

துடைத்தது போதும். அது காலையிலிருந்தே சுத்தமாகத்தான் இருக்கிறது.