அட்டையா, கைக்காசா? ஷேர் ஆட்டோ நடுவர் கேட்கிறார்

உலகத்தில் உள்ள எல்லா நீதிபதிகளும் சேர்ந்து ஒரு வருடத்தில் சொல்லும் தீர்ப்புகளைவிட, திருவண்ணாமலையில் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் ஒரே வாரத்தில் சொல்லும் தீர்ப்புகள் அதிகம். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தால் அங்கே இருப்பவர்களுக்கும் தெரியாது. ஊருக்கே அவர் 'நடுவர்'தான். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் அவருடைய லைசென்ஸை வாங்கி, பெயரைப் படித்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது "கிளம்புங்க நடுவரே" என்றாராம்.

அப்போது நாங்கள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு டூவீலர் உதிரி பாகக் கடையில் வேலை. எனக்கு பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அதே பள்ளியில் எல்.கே.ஜி. படித்த என் மகன் கவினை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் நடுவரின் ஆட்டோவில்தான் போவேன். அது பஸ் ஸ்டாண்டைத் தொட்டு பெரியாஸ்பத்திரி வரைக்கும் போகும்.

அந்த ஆட்டோவின் பின்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். சாலையைப் பார்த்து உட்கார்ந்தால் நீங்கள் ஒரு கட்சி. சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் எதிர்க்கட்சி. உங்களுக்கென்று சொந்தக் கருத்து இருக்கலாம், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். வண்டி கிளம்பியதும் நடுவர் தலைப்பைச் சொல்வார். ஹாரனை ஒருமுறை அடித்தால் பேச்சை முடிக்கச் சொல்கிறார் என்று பொருள், இரண்டுமுறை அடித்தால் நேரம் முடிந்தது. எதிரே வருகிற லாரிக்காரர்களுக்கு இது தெரியாததால் அவர்கள் பதறி ஒதுங்குவார்கள். டிரைவர் சீட்டின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு வருபவர் பார்வையாளர். அவருக்குக் கைதட்டும் உரிமை மட்டும் உண்டு. கையை விட்டால் விழுந்துவிடுவார் என்பதால் அவரும் தட்டியதில்லை.

மெத்தைக் கடை மஸ்தான் பாய் அந்த ஆட்டோவின் நட்சத்திரப் பேச்சாளர். ஒருநாள் காலையில் டிவி சீரியல் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று முழங்கினார். சாயங்காலம் அதே வண்டியில், சீரியல்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்று கண்கலங்கினார். இது என்ன பாய் என்று கேட்டேன்.

"காலையில எந்தச் சீட்டு காலியா இருந்துச்சு, சாயங்காலம் எந்தச் சீட்டு காலியா இருந்துச்சுன்னு பாரும்மா" என்றார். அரசியலைப் பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த வருடம் எங்கே திரும்பினாலும் மருத்துவக் காப்பீட்டுப் பேச்சுதான். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துவார்கள். அதையே நடுவர் ஆறு பேரை உட்கார வைத்து நடத்தினார். மஸ்தான் பாய் அறுபதைத் தாண்டியதும் அவருடைய தனியார் பாலிசிக்கு பிரீமியம் ஏறிவிட்டது. பிறந்தநாளைக்கு எந்தச் சொந்தக்காரனும் வாழ்த்துச் சொல்லவில்லை, கம்பெனிக்காரன் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறான் என்பார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை கொண்டுவந்து விற்கும் கௌசல்யாம்மாவின் கணவருக்கு அரசு காப்பீட்டு அட்டையில் இதய ஆபரேஷன் நடந்திருந்தது. அதைப் பற்றிச் சொல்லச் சொன்னால் இரண்டு கட்சிக்கும் சேர்த்தே பேசுவார்.

"ஒத்த ரூவா வாங்கல, மகராசனுங்க. ஆனா பெஞ்சுல உட்காந்து உட்காந்து எனக்கு இடுப்பு போச்சு. அதுக்கு அட்டையில இடம் இல்லயாம்."

வசதி உள்ளவனும் அட்டையை வாங்கி வைத்திருக்கிறானே, அதற்கு யார் வரி கட்டுவது என்று ஒருவர் கேட்பார். வசதி உள்ளவனையும் ஒரே வியாதி ஓட்டாண்டி ஆக்கிவிடுகிறதே என்று எதிர் பெஞ்சு சொல்லும். ஒருநாள் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் தெரியாமல் ஏறிவிட்டார். அவர் பேச வேண்டிய முறை வந்ததும் நான் மொழிபெயர்த்தேன். அவர்கள் நாட்டில் வைத்தியச் செலவு அரசாங்கத்துடையதாம், பில் என்பதே கிடையாதாம். ஆனால் முட்டி ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம், அங்கேயும் இதே சண்டைதானாம். நடுவர் கண்ணாடியில் அவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இந்தம்மாவ ரெண்டு பெஞ்சுக்கும் நடுவுல உட்கார வெச்சிருக்கணும்" என்று வருத்தப்பட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போனவளுக்கு ஒருநாள் சிரிப்பு நின்றது. குளிப்பாட்டும்போது கவினின் அடிவயிற்றில் ஒரு வீக்கம் தெரிந்தது. அழுதால் பெரிதாகும், தூங்கினால் மறையும். குடலிறக்கம் என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது, குடல் சிக்கிக்கொண்டால் ஆபத்து என்றார். சின்ன ஆபரேஷன் என்பது டாக்டர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும்தான் உண்டு. அன்றிலிருந்து அவன் தும்மினாலும் நான் எழுந்து நின்றேன்.

எங்களிடம் ஒரு தனியார் பாலிசி இருந்தது. என் கணவரின் சித்தப்பா மகன், ஏஜென்ட், எட்டு மாதம் முன்புதான் எங்கள் தலையில் கட்டியிருந்தான். போன் செய்தால், "ரெண்டு வருஷம் ஆவணும் அண்ணி, அதுக்குள்ள குடலிறக்கம் வரக் கூடாது" என்றான், ஏதோ நான்தான் அவசரப்பட்டு வரவழைத்துவிட்டது போல. மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள். கிராமத்தில் என் மாமனார் பெயரில் இருக்கும் அரசு அட்டையை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். இல்லையென்றால் நகையை அடகு வைத்து ஏதாவது தனியார் நர்சிங் ஹோமுக்குப் போகலாம். அட்டை என்று முடிவுசெய்தால் நகை நினைவுக்கு வரும். நகை என்று முடிவுசெய்தால் அட்டை.

இதை ரகசியமாகக் கௌசல்யாம்மாவிடம் மட்டும் சொன்னேன். ரகசியத்தை ஷேர் ஆட்டோவில் சொல்லக் கூடாது என்ற அறிவு அப்போது எனக்கு இல்லை. மறுநாள் காலை வண்டி கிளம்பியது.

"இன்னிக்கித் தலைப்பு. நாலு வயசுப் புள்ளைக்கு ஆபரேஷன். அட்டையா, கைக்காசா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பேரு சொல்லல பாத்தீங்களாமா" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வண்டியில் நாலு வயதுப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

நான் சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். அன்று அந்த பெஞ்சு கைக்காசுக் கட்சி. இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவளுக்கு முறை வந்தால் வாய் சும்மா இருக்காது. பெற்ற பிள்ளையைவிட ஒரு சங்கிலி பெரிதா என்று ஆரம்பித்தேன். தாய் கொடுக்கும் காசுக்குக் கணக்கு உண்டா என்றேன். இலவசமாக வாங்கிய எதையாவது நாம் கண்ணில் ஒற்றிக்கொண்டது உண்டா என்றும் கேட்டேன். எதிரே அட்டைக் கட்சியில் இருந்த மஸ்தான் பாய் கைக்குட்டையை எடுத்தார். அட்டையால் புருஷனைப் பிழைக்க வைத்த கௌசல்யாம்மாவே, அப்பவே நிலத்தை விற்றிருக்கலாமோ என்று முணுமுணுத்தார். நடுவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினார். கைக்காசே.

இதில் பெரிய வேடிக்கை, என் பேச்சை என்னைவிட நம்பியவர் அந்த வண்டியில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போய், நகையை வைக்கலாம், நர்சிங் ஹோம்தான் என்று கணவரிடம் சொன்னேன். மூன்று வாரமாக எதையாவது முடிவுசெய்ய மாட்டாளா என்று காத்திருந்த மனிதர், சரி என்றார்.

மறுநாள் வளையலையும் சங்கிலியையும் கைப்பையில் வைத்து, பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அடகுக் கடைக்குப் போகிறேன் என்று கௌசல்யாம்மாவின் காதில் சொன்னேன். வண்டி நடுரோட்டில் நின்றது. நடுவர் திரும்பினார். அதுவரை அவருடைய முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்த எங்களுக்கு யாரோ புது ஆள் போலத் தெரிந்தது.

"அடகுக் கடைக்கு எதுக்குமா?"

"நீங்கதான நேத்து தீர்ப்பு சொன்னீங்க."

"அத யாராச்சும் செய்வாங்களாமா?" அவருடைய குரலே மாறிவிட்டது. "அது பேச்சுக்குச் சொன்னதும்மா. புள்ளைக்குச் சொன்னது இல்ல."

பிறகு அவருக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. போன மாதம் தனிக்குடித்தனமே சிறந்தது என்று தீர்ப்பு சொன்னேனே, யாராவது போய்விட்டார்களா என்று வண்டியையே பார்த்துக் கேட்டார். ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பார்வையாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாங்க தனியா வந்துட்டோம் நடுவரே. இப்ப பரவால்ல" என்றார்.

நடுவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க, வண்டியை ஓரங்கட்டினார். மஸ்தான் பாயை எழுப்பி, அவர் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். அட்டைக் கட்சிக்கும் ஒருதடவை பேசிவிட்டு அடகுக் கடைக்கோ எங்கேயோ போங்கள், தடுக்க மாட்டேன் என்றார்.

உட்கார்ந்தேன். கோப்பை வாங்கிய வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கவின் என் வளையலற்ற கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல பயம் இல்லீங்க" என்றேன். அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. "புள்ளைக்கு எதுனா ஒண்ணு ஆயிட்டா, காசுக்குக் கணக்கு பாத்துட்டாடா அவனோட அம்மானு சொல்லுவாங்க. அதான் பயம்."

மஸ்தான் பாய் வெளியே பார்த்தார். நடுவர் ஹாரன் மேல் கை வைத்து, எடுத்துவிட்டு, இதுக்கு எப்பிடி மார்க் போடறதுனு தெரியலயே என்றார். கௌசல்யாம்மாதான் கூடையை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார்.

"நகைய வெச்சாலும் சொல்லத்தான் சொல்லுவாங்க. கையில அட்டைய வெச்சினு எதுக்குடி நகைய வெச்சேனு. சொல்றவளுக்கு வேற என்னா வேல?"

அன்று வண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கவே இல்லை. கடை திறக்கணும் என்று பாய் கத்தினார், கடலை வேகவைக்கணும் என்று கௌசல்யாம்மா கத்தினார், பார்வையாளர் தொங்கியபடியே வந்தார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நேரே பெரியாஸ்பத்திரி. தானே போய்ப் பார்த்துவிட்டு முடிவுசெய்யட்டும் என்பது நடுவரின் ஏற்பாடு. தனியாக அனுப்பினால் பார்க்காமலே வந்துவிடுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அது உண்மைதான்.

குழந்தைகள் வார்டைப் பார்த்தேன். கூட்டம் ஜாஸ்திதான், பெஞ்சு கம்மிதான். ஆனால் அறுவை சிகிச்சை டாக்டர், என் வயதுப் பெண், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். நான் அதே கேள்வியை வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்டதும், அதே பதிலை வேறு வார்த்தைகளில் மறுபடி சொன்னார். அந்தப் பொறுமைக்கே நான் பாதி சமாதானமாகிவிட்டேன். காப்பீட்டு கவுன்டரில், அட்டையில் பிள்ளை பெயர் இல்லை, சேர்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அதற்கு அலைந்தோம். சர்வர் வேலை செய்யாத நாளில் ஒருமுறை, போட்டோ சரியில்லை என்று இன்னொருமுறை. இவையெல்லாம் கைக்காசுக் கட்சிக்கு நல்ல பாயிண்டுகள் என்று பாய் குறித்துக்கொண்டார். கடைசியில் அனுமதி வந்தது.

ஆபரேஷன் அன்று கவினை உள்ளே கொண்டுபோனதும் கதவு மூடிக்கொண்டது. நானும் கணவரும் நின்றுகொண்டே இருந்தோம். அந்த வராந்தாவில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள் கிடந்தன. எங்களை இறக்கிவிட்டுப் போகாமல் கூடவே வந்திருந்த நடுவர் அவற்றைப் பார்த்ததை நான் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் தலைப்பைச் சொல்லிவிட்டார். அட்டை கொடுத்தால் மட்டும் போதுமா, பெஞ்சையும் டாக்டரையும் யார் அதிகமாக்குவது? காத்திருந்த அத்தனை பேருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்தது. போளூர்க்காரர் ஒருவர், அட்டை இல்லையென்றால் என் பொண்ணு இன்று இல்லை என்றார். இன்னொருவர், அட்டை இருந்தும் மாத்திரையை வெளியேதான் வாங்கினேன் என்றார். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வந்த நர்ஸ், ராத்திரி டியூட்டிக்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறோம் என்று பேசிவிட்டுத்தான் போனார். ஹாரன் இல்லாததால் யாரையும் நிறுத்த முடியாமல் நடுவர் திண்டாடினார். நான் என் முறை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தபோதே கதவு திறந்தது.

நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். அந்தப் பெஞ்சுகளில் அன்று முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தின.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறு யாரையும் ஏற்றாமல் நடுவர் எங்களைக் கூட்டிப்போனார். தையல் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினார். செங்கம் ரோட்டுக்கு வந்தபோது கிரிவலம் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவரும் தாண்டிப் போனார். போனவர் நின்று, வண்டி ரிப்பேரா, தள்ளிவிடவா என்று கேட்டார். நடுவர் கோபப்படவில்லை. வாயில் விரலை வைத்து, குழந்தை தூங்குகிறது என்று சைகை காட்டினார்.

சந்து முனையில் கவின் விழித்துக்கொண்டான். நடுவர் வண்டியை நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நோவுதாடா கண்ணு?"

இல்லை என்று அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகுதான் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி பையைத் தேடினேன்.